அனிமே கதாபாத்திரச் சண்டைகளில் யார் சொல்வது சரி?

கேள்வி இதுதான்: "மாங்கா, அனிமே ரசிகர்கள் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஏன் சண்டையில் போய் முடிகிறது? ஒரே காட்சியைப் பார்த்த இரண்டு பேர் நேர் எதிராகப் பேசுகிறார்கள். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, இல்லை இதெல்லாம் நேர விரயம்தானா?"

நேர விரயம் இல்லை. யார் சரி என்று பார்ப்பதற்கும் பெரும்பாலும் வழி இருக்கிறது. சண்டை போடும் இருவரையும் அந்தப் பக்கத்துக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த சாப்டர், பக்கத்தில் எந்தக் கட்டம் (படச்சட்டம்), மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையில் வந்ததா, அனிமே என்னும் அனிமேஷனில் வந்ததா என்று கேட்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். மீதிப் பாதிதான் உண்மையில் பேசத் தகுந்த விஷயம். டிராகன் பால், ஜுஜுட்சு கைசென், அட்டாக் ஆன் டைட்டன், ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட், எவாஞ்செலியன், நருட்டோ, ஸ்லாம் டங்க் ஆகியவற்றின் முக்கியத் திருப்பங்களைத் தொட்டுத்தான் விளக்க முடியும். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் பாத்திரங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நாவல்கள் எழுதி, அடித்துத் திருத்தி, முழுசாக முடித்த பிறகுதான் நம் கைக்கு வருகின்றன. வார இதழ் மாங்காவுக்கு அந்த வசதி கிடையாது. ஏறக்குறைய 19 பக்கம், வாராவாரம், வருஷக்கணக்கில். போன வாரம் அச்சான பக்கத்தை இந்த வாரம் மாற்ற முடியாது. அதோடு, வாசகர் என்ன நினைக்கிறார் என்பது கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் மேஜைக்கு வந்துவிடும். 1968-இல் ஷூயேஷா தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழ் இதற்குப் பேர்போனது. இதழோடு வரும் அட்டையில் அந்த வாரம் பிடித்த மூன்று தொடர்களை எழுதி அனுப்பலாம். அதில் தொடர்ந்து பின்தங்கும் தொடர் நிறுத்தப்படும். 1994 கடைசியில் அந்த இதழின் விற்பனை 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகளைத் தொட்டது. அத்தனை வாசகர்களின் விருப்பு வெறுப்பு ஒரு தொடரின் தலையெழுத்தோடு பின்னிக் கிடந்தது. ஆக, ரசிகர் பேச்சு என்பது இந்தக் கலைக்கு வெளியே நடக்கும் வம்பளப்பு என்று ஒதுக்க முடியாது. ஆரம்பத்திலிருந்தே அது உள்ளே இருக்கிறது.

இணையம் வருவதற்கு முன்பே இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அஷிதா நோ ஜோ. ஷோனென் மேகசின் வார இதழில் 1968 முதல் 1973 வரை வந்த குத்துச்சண்டைக் கதை. கதாநாயகன் ஜோவின் எதிராளி ரிகிஷி டோரு. இருவரும் முதலில் சந்திக்கும் இடத்தில், ஓவியர் டெட்சுயா சிபா ரிகிஷியை ஜோவைவிட நன்றாக ஓங்கிய உடம்போடு வரைந்துவிட்டார். பின்னால் இருவரும் ஒரே எடைப் பிரிவில் மோத வேண்டும் என்று கதை வந்தபோது, அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி மோதுவது? அங்கேதான் ரிகிஷியின் பட்டினி வருகிறது. தண்ணீர்கூடக் குடிக்காமல் எடையைக் குறைக்கிறான். எலும்பும் தோலுமாக வளையத்துக்குள் ஏறி, ஜோவை வென்று, அங்கேயே உயிரை விடுகிறான். வரைந்த உருவத்தின் அளவில் நேர்ந்த ஒரு பொருத்தமின்மை, மாங்கா வரலாற்றின் மிகப் பெரிய பாத்திரங்களில் ஒன்றாக மாறியது. 1970 மார்ச் 24-ஆம் தேதி, இதழை வெளியிட்ட கோடான்ஷா நிறுவனத்திலேயே ரிகிஷிக்கு இறுதிச் சடங்கு நடந்தது. கவிஞரும் நாடகக்காரருமான ஷூஜி தெராயமா முன்னின்று நடத்தினார். சுமார் 700 பேர் வந்தார்கள், காகிதத்தில் மட்டும் வாழ்ந்த ஒருவனுக்கு அஞ்சலி செலுத்த. இன்றைக்கு ஒரு பாத்திரம் செத்தால் ரசிகர்கள் கொதிப்பதைப் பார்த்து "இந்தத் தலைமுறைக்கு என்ன ஆச்சு" என்று கேட்பவர்களுக்கு இந்தத் தேதியைத்தான் நான் சொல்வேன்.

சரி, சண்டைகளுக்கு வருவோம். அதிகம் நடப்பது "யார் பலசாலி" சண்டை. பவர் ஸ்கேலிங் என்பார்கள். இதைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையை வரி விடாமல் படித்தவன்தான் இந்தச் சண்டையில் நிற்கவே முடியும். பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். எண்களைப் பற்றிக் கதையே என்ன சொல்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

டிராகன் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் எதிரி ராடிட்ஸ் பூமியில் இறங்கியதும் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு விவசாயியை, வலிமையை அளக்கும் ஸ்கவுட்டர் கருவியில் பார்க்கிறான். வலிமை வெறும் 5. பின்னால் நாமெக் கிரகத்தில் வில்லன் ஃப்ரீசா தன் முதல் வடிவத்திலேயே 5,30,000 என்று அறிவிக்கிறான். இந்த எண்களை வைத்து அட்டவணை போடாத ரசிகர் குறைவு. ஆனால் அந்தக் கருவி கதையில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ராடிட்ஸிடம் பிடிபட்டு அழுதுகொண்டிருக்கும் நாயகன் கோகுவின் 4 வயது மகன் கோஹானுக்கு ஸ்கவுட்டர் 710 காட்டுகிறது. ராடிட்ஸ் அதை நம்பாமல், கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கிறான். கொஞ்ச நேரத்தில் அப்பா அடிபடுவதைக் கண்ட அந்தக் குழந்தை சீறிக்கொண்டு வந்து மோதும்போது அது 1,307. பூமியில் வளர்ந்தவர்கள் தங்கள் சக்தியை அடக்கவும் கூட்டவும் கற்றவர்கள், கருவி இல்லாமலே மற்றவர் சக்தியை உணரவும் தெரிந்தவர்கள். எண்ணைப் பார்த்து எதிரியை எடை போட்டவர்கள்தான் அந்தப் பகுதி நெடுக அடி வாங்குகிறார்கள். நாமெக் முடிந்ததும் எண்கள் கதையிலிருந்து ஏறக்குறைய காணாமலே போகின்றன. கதையை எழுதி வரைந்த அகிரா தொரியாமா எண்களைக் கொண்டுவந்ததே எண்ணை நம்புகிறவனின் ஆணவத்தைக் காட்டத்தான் என்பது என் வாசிப்பு. அதே எண்களை எடுத்துக்கொண்டு வேறொரு தொடரின் நாயகனோடு கோகுவை மோதவிடும்போது, நாம் ராடிட்ஸ் செய்த வேலையைத்தான் செய்கிறோம்.

இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது ஜுஜுட்சு கைசெனில் மந்திரவாதி கோஜோவும் வில்லன் சுகுனாவும் மோதிய சண்டை. 2023 செப்டம்பரில் வந்த விவகாரம். 235-ஆவது சாப்டர் முடியும்போது, கோஜோ ஜெயித்துவிட்டார் என்றே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேசுகிறார்கள். 236 திறந்தால் ஒரு விமான நிலையம். செத்துப்போன பழைய நண்பர்களோடு கோஜோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். அப்புறம்தான் இரண்டாக வெட்டப்பட்ட உடல் நமக்குக் காட்டப்படுகிறது. வெட்டு விழுந்த கணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. ரசிகர்கள் வெடித்தார்கள். அங்கே "சுகுனாதான் பலசாலி", "இல்லை, கோஜோ ஏமாற்றப்பட்டார்" என்று நடந்த சண்டையை உற்றுப் பார்த்தால், அதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடந்தன. ஒன்று, சுகுனா எப்படி வென்றான்? அதற்குக் கதையில் பதில் இருக்கிறது. தான் வரவழைத்த மஹோராகா என்ற பூதம் எதிரியின் சக்திக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்துப் படித்து, எதிரியின் உடலை மட்டும் குறிவைக்காமல் அவன் நிற்கும் வெளியையே வெட்டினான். இன்னொன்று, அந்தக் கணத்தை நமக்குக் காட்டாமல் விட்டது நல்ல கதை சொல்லலா? இது வலிமையைப் பற்றிய கேள்வியே இல்லை. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்வி கேட்டவரிடம் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். என்னைக் கேட்டால், தோல்வி நியாயமானது, அதைக் காட்டிய விதத்தில் அவசரம் தெரிகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும்.

அடுத்தது, இருவரும் ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவது. இது நடக்கிறது என்று தெரியாமலே மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டில் வரும் லஸ்ட் இதற்குக் கண்கூடான சாட்சி. ஹிரோமு அரகாவாவின் மாங்கா 2001 முதல் 2010 வரை வந்தது. மாங்கா பாதியில் இருக்கும்போதே 2003-இல் தொடங்கிய 51 எபிசோட் அனிமே, பாதி வழியில் தன் பாதையைத் தானே போட்டுக்கொண்டது. அதில் ஹோமுன்குலஸ்கள் என்பவர்கள், செத்தவர்களை உயிர்ப்பிக்க மனிதர்கள் செய்த முயற்சி தோற்றுப்போய்ப் பிறந்தவர்கள். அங்கே லஸ்டுக்குள் ஒரு இறந்த பெண்ணின் நினைவுகள் இருக்கின்றன. தானும் மனுஷியாக வேண்டும் என்று ஏங்குகிறாள். மாங்காவிலும், அதை ஒட்டி 2009-இல் தொடங்கிய 64 எபிசோட் பிரதர்ஹுட்டிலும் ஹோமுன்குலஸ்களைப் படைத்தவன் 'ஃபாதர்'. அங்கே லஸ்ட் கொஞ்சமும் இரக்கமில்லாதவள். கதை பாதிகூட வருவதற்கு முன்பே ராணுவ அதிகாரி மஸ்டாங் அவளைத் திரும்பத் திரும்ப எரித்து முடித்துவிடுகிறார். "லஸ்ட் பரிதாபத்துக்குரியவள்" என்று ஒருவரும் "அவளிடம் என்ன பரிதாபம்" என்று இன்னொருவரும் சொன்னால் இருவர் சொல்வதும் சரிதான். எதைப் பார்த்தீர்கள் என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. வந்திருக்க வேண்டிய பேச்சு, எந்த லஸ்ட் அந்தந்தக் கதைக்குப் பொருந்துகிறாள் என்பது. அது ரொம்பச் சுவையான பேச்சு. 2003 அனிமேயின் சோகமான கடைசிப் பகுதிக்கு அவள் ஏக்கம் எவ்வளவு தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அட்டாக் ஆன் டைட்டனில் இது இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் ஒரே முடிவுக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. 2021 ஏப்ரலில் இதழில் வந்த 139-ஆவது சாப்டர் ஒன்று. அதே ஆண்டு ஜூனில் 34-ஆவது தொகுதி வந்தபோது கடைசியில் 8 பக்கங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. வெகுகாலம் கழித்து நாயகன் எரெனின் ஊர் போரில் அழிவது அதில்தான் வருகிறது. 2023 நவம்பரில் வந்த அனிமேயின் கடைசி எபிசோடில், எரெனும் அவன் சிறுவயது நண்பன் அர்மினும் பேசும் உரையாடலே மாற்றப்பட்டிருக்கிறது. இதழ் வடிவத்தில், மனிதகுலத்தில் 80 சதவீதத்தை அழித்தவனிடம் அர்மின் நன்றி சொல்வதுபோல் ஒரு வசனம் வந்து, படித்தவர்களை உலுக்கியது. அர்மின் இப்படிப் பேசுவானா என்று கேட்டவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அனிமேயில் அர்மின் அந்தப் பாவத்தில் தன் பங்கை ஏற்றுக்கொள்கிறான். வெளியுலகத்தைப் பற்றிய புத்தகத்தை உனக்குக் காட்டியது நான்தானே, நரகத்திலும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். அனிமே மட்டும் பார்த்தவருக்கு, 2021-இல் கோபப்பட்டவர்களின் கோபம் புரியவே புரியாது. இதழைப் படித்துவிட்டு அத்தோடு விட்டவருக்கு, இன்று அர்மினை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்று விளங்காது. என் பார்வையில் அனிமே வடிவம் அர்மினுக்கு நெருக்கமானது. முதல் சாப்டர்களிலிருந்தே அவனுடைய கனவும் குற்ற உணர்வும் அந்தப் புத்தகத்தோடு ஒட்டியிருக்கின்றன.

இனி, எனக்கு அதிகம் வருத்தம் தரும் வகை. பிடிக்கவில்லை என்பதற்கும் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மறப்பது. எவாஞ்செலியனின் ஷிஞ்சியைக் கோழை என்று திட்டுவது 1995-இலிருந்து நடக்கிறது. முதல் எபிசோடைத் திரும்பப் பாருங்கள். 14 வயதுப் பையன். வருஷக்கணக்கில் கூப்பிடாத அப்பா கூப்பிடுகிறார். போனால், பாசத்துக்கு அங்கே இடமில்லை. ஒரு ராட்சத இயந்திரத்தைக் காட்டி, ஏறு, இல்லையென்றால் கிளம்பு என்கிறார். மறுக்கிறான். உடனே, அதே இயந்திரத்தை ஓட்டும், காயம்பட்டு எழுந்து நிற்கக்கூட முடியாத ரெய் என்ற பெண்ணைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கட்டடம் அதிர்ந்து அவள் கீழே விழ, ஓடிப்போய்த் தாங்குகிறான். தன் கையைப் பார்க்கிறான், அவளுடைய ரத்தம். ஓடக்கூடாது என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, ஏறுகிறேன் என்கிறான். முதல் எபிசோடிலேயே ஏறிவிட்டான்! "ரோபோவில் ஏறவே மாட்டேன் என்பவன்" என்ற பிம்பத்துக்கும் இந்தக் காட்சிக்கும் எவ்வளவு தூரம். அவனைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த எரிச்சலை இயக்குநர் ஹிடேயாகி அன்னோ வேண்டுமென்றே உண்டாக்குகிறார், அதற்குக் காரணங்களை நம் கண்முன்னேயே வைக்கிறார். எழுத்தில் குறை என்று காட்ட வேண்டுமானால் வேறு சான்று வேண்டும்.

நருட்டோவில் வரும் சகுராவின் விஷயம் இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே எழுத்திலும் குறை இருக்கிறது. நருட்டோ 1999 முதல் 2014 வரை 700 சாப்டர்கள் ஓடியது. மூவர் அணியில் ஒருத்தியாக ஆரம்பித்த சகுராவுக்கு அந்த நீளத்தில் கிடைத்த இடம் குறைவு. அந்தக் குறையை மறுக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு எதிராக அடிக்கடி காட்டப்படும் ஒரு காட்சியைப் பார்ப்போம். பனி பெய்யும் இரும்பு நாட்டில் அவள் நருட்டோவிடம் வந்து, அணியின் மூன்றாமவனாக இருந்து ஊரைவிட்டுப் போய்விட்ட சசுகே மேல் இருந்த ஆசை போய்விட்டது, உன்னைத்தான் காதலிக்கிறேன் என்கிறாள். தன்னிடமே பொய் சொல்லிக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது என்று நருட்டோ மறுத்துவிடுகிறான். "நருட்டோவின் மனசோடு விளையாடினாள்" என்ற குற்றச்சாட்டு இங்கேதான் பிறக்கிறது. அதற்கு அடுத்து அவள் என்ன செய்கிறாள்? தன்னோடு வந்த கிபா, லீ, சாய் மூவரையும் மயக்க மருந்தால் தூங்க வைத்துவிட்டு, விஷம் தடவிய குனாய் என்ற கத்தியோடு சசுகேயைக் கொல்லத் தனியாகப் போகிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்ற கணத்தில் கை எழவில்லை. முன்னே சொன்ன பொய்யை இதோடு சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் புரியும். சசுகேயைக் கொண்டுவருவேன் என்று நருட்டோ தனக்குச் செய்துகொடுத்த சத்தியத்திலிருந்து அவனை விடுவித்துவிட்டு, கொலைப் பாவத்தைத் தானே சுமக்கப் பார்க்கிறாள். இரண்டிலும் தோற்கிறாள். அவள் செய்தது தப்பு என்று வாதாடலாம். நருட்டோவுக்கு வலித்தது நிஜம். ஆனால் அந்தப் பொய்யை மட்டும் கத்தரித்து எடுத்து ஒட்டிவிட்டு, குனாயை விட்டுவிட்டால், அது சகுராவைப் பற்றிய விவாதமாக இருக்காது. ஒரே ஒரு கட்டத்தின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது ஒரு பாத்திரத்துக்குத் தீர்ப்பு எழுதினால், முன்னும் பின்னும் இரண்டு சாப்டர் படித்துவிட்டு வாருங்கள் என்று கேட்பது என் வழக்கம்.

யார் யாரோடு சேர வேண்டும் என்ற ஷிப்பிங் சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது பெரும்பாலும் ஆசை. ஆசைக்குச் சான்று கேட்க முடியாது, சான்று இருப்பதுபோல் பேசினால்தான் தொல்லை. ஆசிரியர் பேட்டியிலோ கேள்வி பதிலிலோ சொன்னதைக் கேனானாக, அதாவது கதையின் அதிகாரபூர்வ உண்மையாக எடுக்கலாமா என்ற சண்டையும் உண்டு. ஒன் பீஸ் தொகுதிகளில் எஸ்.பி.எஸ். பகுதியில் எயிசிரோ ஓடா வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பிறந்த நாள், உயரம், பிடித்த சாப்பாடு போன்றவற்றுக்கு அது போதும். ஒரு பாத்திரத்தின் மனசு என்ன என்பதற்குப் பக்கத்தில் வரைந்ததுதான் எனக்கு முதல் சான்று. பிரபலப் போட்டிகளையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். 2021-இல் ஒன் பீஸ் 1000-ஆவது சாப்டரை ஒட்டி உலகம் முழுக்க நடத்திய வாக்கெடுப்பில் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. லூஃபி, ஜோரோ, நாமி முதல் மூன்று இடம். மக்களுக்கு யாரைப் பிடிக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. ஜோரோ சஞ்சியைவிட நன்றாக எழுதப்பட்டவன் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

இதெல்லாம் பேசி என்ன பயன் என்று கேட்டீர்கள். ஸ்லாம் டங்க் மாங்கா 1990 முதல் 1996 வரை வந்தது. அதில் ரியோட்டா மியாகி ஐவர் கொண்ட பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஒருவன். 168 சென்டிமீட்டர் உயரம், வேகம், குறும்பு. மற்ற நால்வரைப் பற்றிப் பேசித் தீராத ரசிகர்கள் அவனைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. 2022 டிசம்பரில் மாங்காவின் ஆசிரியர் டகேஹிகோ இனொவே தானே இயக்கிய படம் வந்தது. மாங்காவின் கடைசி ஆட்டமான சன்னோ அணியோடு மோதும் அதே போட்டிதான், ஆனால் நடுவில் நிற்பவன் மியாகி. ஒகினாவாவில் பிறந்தவன், கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த அண்ணனைக் கடலுக்குப் பறிகொடுத்தவன் என்று அவன் கதை விரிகிறது. படம் பார்த்த பிறகு பழைய தொகுதிகளைத் திறந்து, மியாகி வரும் கட்டங்களை மட்டும் தேடித் தேடிப் படித்துப் பேசிக்கொண்டார்கள் ரசிகர்கள். இரண்டு ஆட்கள் சூழ்ந்து நிற்க, அவர்களுக்கு நடுவே குனிந்து பந்தோடு பாய்ந்து வெளியேறும் அந்தச் சின்ன உருவம் 1996-லேயே அங்கே இருந்தது. நம் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

அடுத்தவர் கண்ணால் ஒரு பாத்திரத்தைப் பார்க்கக் கிடைக்கும் அந்த வாய்ப்புக்காகவே நான் இந்த விவாதங்களை விடுவதில்லை. நீங்கள் கலந்துகொள்வதாக இருந்தால், உங்களுக்குப் பிடிக்காத பாத்திரத்தைக் காப்பாற்றிப் பேசுகிறவரிடம் போய், எந்த சாப்டரிலிருந்து உங்களுக்கு இவனைப் பிடிக்க ஆரம்பித்தது என்று கேட்டுப் பாருங்கள். நிஜமாகப் படித்தவர் உடனே எண்ணைச் சொல்வார். அதைப் போய்ப் படித்துவிட்டு வந்து அவரோடு சண்டையைத் தொடருங்கள்.